விளையாட்டும் விலைபேசலும்

விளையாட்டென்பது மகிழ்ச்சிக்குரியது, விலைபேசல் என்பது வாணிகர்க்குரியது, இவ்விரண்டும் ஓரிடத்து நிற்றல் தகாது என்பது நம்மவரிற் பலர் கொண்ட கருத்து. மைதானத்தில் மெய்வருந்த ஆடிய ஒருவன், ஆட்டம் முடிந்தபின் 'எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று வாய்திறந்து கேட்பானாயின், அவன் புகழ் அந்நொடியே குன்றியதென முகஞ்சுளிப்பாருண்டு. இன்ன வீரர் இத்தனை கோடிக்கு உடன்பட்டார் என்னுஞ் செய்தியைப் படித்தவுடன், 'ஒரு பந்தை அடிப்பதற்கா இவ்வளவு!' என்று வியப்பாரும் வைவாரும் உண்டு. ஆயினும், அவ்வுடன்பாடு எவ்வாறு உண்டாயிற்று, யார் யாரிடம் என்ன கேட்டனர், கேட்கும் உரிமை அவர்க்கு எப்பொழுது வந்தது என்று வினவுவார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராய் நின்று, வடவமெரிக்கப் பனித்தள ஹாக்கி அணிகள் தம் ஆட்டக்காரரோடு ஊதியம் பேசும் முறையையும் அதனின்று யாம் அறிந்துகொண்டதையும் ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

நம் நாட்டில் ஹாக்கி என்றால் அணிக்குப் பதினொருவராகத் தரையில் நின்று ஆடும் ஆட்டத்தையே குறிக்கும். யாமும் நம் கல்லூரி அணியில் அதனையே ஆடிவருகின்றோம். கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள் முதலிய குளிர்மிக்க இடங்களிலோ, அப்பெயர் பனித்தளத்து ஆட்டத்திற்கே உரியது. காலிற் சறுக்கணி பூண்டு, அணிக்கு அறுவராய் நின்று, பந்துக்கு மாறாக வன்மையான ரப்பர் வட்டொன்றைக் கோலால் தள்ளி ஆடுவர். எதிரியை உடலால் மோதித் தடுத்தல் அங்கே குற்றமன்று; விதிக்கு உட்பட்டுச் செய்யின் அஃது ஒரு திறமையாகும். பல்லிழந்தோரும் எலும்பு முறிந்தோரும் அவ்வாட்டத்திற் பலர். முப்பது வயதைக் கடந்தபின் பலருடைய ஆற்றல் மெல்லச் சாயத் தொடங்கும். ஆதலின், அவ்வாட்டக்காரன் வாழ்நாள் முழுமைக்குமான பொருளைச் சில ஆண்டுகளுக்குள் ஈட்டியாகவேண்டியவன். இதனை மறந்து அவன் ஊதியத்தை அளத்தல் முறையாகாது.

நம் நாட்டு ஹாக்கி இந்தியா லீகில் ஆட்டக்காரரை ஏலத்தில் எடுக்கின்றனர். 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் டில்லியில் நிகழ்ந்த ஏலத்தில் ஆடவர் அணி ஒவ்வொன்றும் 4 கோடி ரூபாய் வரையில் செலவிடலாம் என்பது விதி. 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் எனத் தொடக்க விலை மூன்று வகைப்பட்டது. இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சம் ரூபாய்க்குச் சூர்மா அணி எடுத்துக்கொண்டது. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியும் அவ்வாறே தனக்கு வேண்டியவரைத் தேடிக்கொண்டது. ஏலத்தில் அணியும் அணியும் பேசுகின்றன, ஆட்டக்காரன் பேசுவதில்லை. வடவமெரிக்காவிலோ ஆட்டக்காரனும் அணியும் நேர்நேர் இருந்து பேசியே விலையை முடிவுசெய்கின்றனர். ஆனால் அப்பேச்சு உண்மையான பேச்சாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாறே எம் உள்ளத்தைக் கவர்ந்தது.

தேசிய ஹாக்கி லீக் என்னும் பேரமைப்பு 1917-ஆம் ஆண்டு நவம்பரில் மொன்றியல் நகரில் தோன்றிற்று. 1942 முதல் 1967 வரையில் அதில் ஆறு அணிகளே இருந்தன. அக்காலத்து ஒப்பந்தங்களில் ஒரு விதி உண்டு: ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் ஆட்டக்காரன் அவ்வணிக்கே உரியவன், பிறிதோர் அணி அவனை அழைத்தல் ஆகாது. எனவே, ஊதியம் பேச அவன் மேலாளரின் அறைக்குத் தனியே செல்வான். எதிரே இருப்பவர் அணியின் வரவு செலவு அனைத்தும் அறிந்தவர். இவனோ தன் தோழன் பெறுவது இன்னதென்றும் அறியாதவன். 'உடன்படேன்' என்று எழுந்தால் செல்வதற்கு வேறிடமும் இல்லை. ஒருவன் கூற, மற்றவன் தலையசைத்தல் பேச்சாகாதன்றோ?

இதற்குச் சான்றாகக் கோர்டி ஹோ என்னும் பெருவீரரைக் கூறலாம். அவர் 1946 முதல் 1971 வரை இருபத்தைந்து பருவங்கள் டெட்ராய்ட் அணிக்கு ஆடியவர். அவ்வாட்டத்தின் தலைசிறந்தோருள் ஒருவரென யாவரும் ஒப்புவர். முதன்முதல் கையெழுத்திட்ட நாளில் அவர் தமக்கெனச் சிறப்பாக வேண்டியது அணியின் பெயர் பொறித்த மேற்சட்டை ஒன்றே. பின்னரும் அவர் மிகுதியாகக் கேட்டவரல்லர். 1968-ஆம் ஆண்டு பாப் பான் என்பவர் அவ்வணிக்கு வந்து சேர்ந்தார். தம் ஊதியம் ஹோவின் ஊதியத்தினும் மிக்கது என்பதை அவரே ஹோவிடம் வெளிப்படையாகக் கூறிவிட்டார். இருபதாண்டுக்கு மேலாக அணியைத் தாங்கிய தூண் அன்றுதான் தன் விலையை அறிந்தது. ஹோ உரிமையாளரிடம் சென்று ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் கேட்டார், கேட்டதைப் பெற்றார். கொடுக்க இயலாமையால் அன்று, கேட்கப்படாமையாலேயே அத்தனை ஆண்டும் கொடுக்கப்படவில்லை என்பது இதனால் விளங்கும். ஹோவிடம் குறைந்திருந்தது ஆட்டத்திறமை அன்று, ஒரு செய்தி. அச்செய்தியைத் தந்தவர் முதலாளி அல்லர். உடன் ஆடிய ஒருவர்.

இவ்விடத்தில் எம் வீட்டுச் செய்தி ஒன்றையும் கூறல் வேண்டும். எம் தமக்கையார் தனியார் பள்ளியொன்றில் ஆசிரியை. கணிதத்தில் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவர். பணிக்கு விண்ணப்பித்த நாளில், 'எதிர்பார்க்கும் ஊதியம்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று வீட்டில் ஓரிரவு முழுவதும் பேச்சு நிகழ்ந்தது. தொகையைக் குறித்தால் பேராசைக்காரி என்று எண்ணுவார்கள் என்றார் அன்னையார். தந்தையார், தாம் முப்பதாண்டு ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தும் எந்திரம் ஓட்டியும் ஒருநாளும் கூலியைப் பற்றி வாய்திறவாமையைப் பெருமையாகவே கூறினார். முடிவில் தமக்கையார், 'தங்கள் விருப்பப்படி' என்று எழுதினார். அவர்கள் விருப்பப்படியே கிடைத்தது. முதல் மாதச் சம்பளம் வாங்கும்பொழுது, 'உமக்குத் தருவதை மற்ற ஆசிரியைகளிடம் கூறவேண்டா' என்று அலுவலகத்தில் ஓர் அன்பான எச்சரிக்கையும் கிடைத்தது. நான்காண்டு கழிந்தபின், அவர் வகுப்புக்கு அடுத்த வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு மாதந்தோறும் 3,000 ரூபாய் மிகுதி என்பது தற்செயலாய்த் தெரியவந்தது. அன்று மாலை அவர் உண்ணவில்லை. பணக்குறைவினும், நான்காண்டு தாம் அறியாதிருந்தமையே அவரை வருத்திற்று என்பதை யாம் கண்டோம். கோர்டி ஹோவின் வரலாற்றைப் படித்தபொழுது எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவ்வுண்ணாத மாலையே.

ஹோவின் அணியிலேயே, அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடிய டெட் லிண்ட்சே என்பவர் இந்நிலையை முன்னரே உணர்ந்தவர். ஆட்டக்காரரின் ஓய்வூதிய நிதிக் கணக்கைக் காட்டுமாறு கேட்டபொழுது உரிமையாளர் காட்ட மறுத்தனர். அதனால் 1957-ஆம் ஆண்டு அவரும் மொன்றியல் அணியின் டக் ஹார்வி முதலியோரும் கூடி ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை நிறுவினர். அப்பருவத்தில் லிண்ட்சே 85 புள்ளிகள் பெற்றுத் தம் ஆட்டத்தின் உச்சியில் நின்றார். அவ்வாண்டே அவரை டெட்ராய்ட் அணியினர் சிகாகோவுக்கு மாற்றிவிட்டனர். சிகாகோ அந்நாளில் தாழ்ந்த நிலையிலிருந்த அணி. ஏனையோர் அஞ்சினர், பெருவீரர் ஹோவும் துணைநிற்கவில்லை. 1958-இல் சங்கம் கலைந்தது. ஆயினும் விதைத்தது வீண்போகவில்லை. 1967-இல் தோன்றிய புதிய சங்கம் நிலைபெற்றது. ஆட்டக்காரர் தாமே வாக்களித்துத் தம்முள் தலைசிறந்தவர்க்கு வழங்கும் பரிசு 2010 முதல் டெட் லிண்ட்சேயின் பெயரையே தாங்கி வருகின்றது. இகழ்ந்து அனுப்பப்பட்டவர் பெயரால் இன்று புகழ் வழங்கப்படுகின்றது.

அணியின் கட்டு உடைந்தது 1972-இல். அவ்வாண்டு உலக ஹாக்கிச் சங்கம் என்னும் போட்டி அமைப்பு, சிகாகோவின் பாபி ஹல்லை வின்னிபெக் நகருக்கு அழைத்தது. பத்தாண்டுக்கு 27 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அதில் 10 லட்சம் கையெழுத்திட்டவுடன் கிடைப்பது. அவ்வாண்டு நவம்பரில் பிலடெல்பியாவில் ஹிக்கின்பாதம் என்னும் நீதிபதி, ஆட்டக்காரனை ஓரணிக்கே பிணிக்கும் விதியைக் கொண்டு அவன் வேறமைப்பிற்குச் செல்வதைத் தடுத்தல் ஆகாதென ஆணையிட்டார். செல்வதற்கு வேறிடம் ஒன்று உண்டு என்ற அளவிலேயே ஊதியங்கள் எங்கும் உயர்ந்தன. ஆட்டக்காரரின் திறமை ஓராண்டில் இரட்டிக்கவில்லை. 'வேண்டா' என்று சொல்லும் ஆற்றலே அவர்க்குப் புதிதாக வந்தது.

எனினும், துணைவரைக் கொண்டாற் போதும், எல்லாம் நலமாகும் என்று எண்ணுதலும் கூடாது. 1967 முதல் 1991 வரை ஆட்டக்காரர் சங்கத்தை நடத்தியவர் ஆலன் ஈகிள்சன் என்னும் வழக்கறிஞர். அவரே பாபி ஓர் என்னும் ஒப்பற்ற வீரரின் முகவருமாயிருந்தார். 1976-இல் பாஸ்டன் அணி, தன் உரிமையிலேயே 18.5 விழுக்காட்டுப் பங்கை ஓருக்குத் தர முன்வந்தது. அச்செய்தி ஓரின் செவியை எட்டவில்லை. அவர் சிகாகோவுக்குச் சென்றுவிட்டார். 1998-இல் ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறைபுகுந்தார். நமக்காகப் பேசுவோரையும் நாம் கணக்குக் கேட்டல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1990-இல் ஆட்டக்காரர் சங்கம் அனைவர் ஊதியத்தையும் வெளியிடத் தொடங்கியது. அதுமுதல், மேலாளர் அறிந்ததை ஆட்டக்காரனும் அறிந்தான். உரிமையாளர் வாளாவிருக்கவில்லை. 1994-இலும், 2004-இலும், 2012-இலும் கதவடைப்புச் செய்தனர். 2004-05 பருவம் ஓர் ஆட்டமும் இன்றி முற்றும் அழிந்தது. அதன் முடிவில், இருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் 24 விழுக்காடு குறைக்கப்பெற்றன. ஓரணி தன் ஆட்டக்காரர் அனைவர்க்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பும் விதிக்கப்பெற்றது. 2005-06-இல் அவ்வரம்பு 3 கோடியே 90 லட்சம் டாலர். 2025-26 பருவத்தில் 9 கோடியே 55 லட்சம் டாலர். 2013-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் ஹாக்கி வருமானம் உரிமையாளர்க்குப் பாதியும் ஆட்டக்காரர்க்குப் பாதியுமாயிற்று. ஆகவே, இக்காலத்தில் ஒருவன் பேசும் பேச்சு முதலாளியோடு மட்டும் அன்று. அவன் மிகுதியாகப் பெறின், வரம்புக்குட்பட்ட அத்தொகையில் தோழன் ஒருவனுக்கு அவ்வளவு குறையும். இது நுணுகி நோக்கத்தக்கது.

இப்பொழுது ஓர் இளைஞன் இம்முறைக்குள் எவ்வாறு செல்கின்றான் என்பதைக் காண்போம். பதினெட்டு வயதில் அணிகள் முறையே பெயர் குறித்து அவனைத் தெரிந்தெடுக்கின்றன. இவ்வழக்கம் 1963-இல் தொடங்கியது. எவ்வணி அழைக்குமோ அவ்வணியோடே அவன் பேசவேண்டும். 18 முதல் 21 வயதிற்குள் கையெழுத்திடுவோனின் முதல் ஒப்பந்தம் மூன்றாண்டு. அதன் ஊதியத்திற்கும் மேல்வரம்பு உண்டு. எம்மினும் ஓராண்டு இளையவன் அதில் கையெழுத்திடுகின்றான் என்று எண்ணும்பொழுது எமக்குச் சிறிது அச்சமே தோன்றுகின்றது.

முதல் ஒப்பந்தம் முடிந்தபின் அவன் அரைக்கட்டு உடையவன். பழைய அணி குறித்த காலத்திற்குள் குறைந்த அளவு இத்துணை என ஓர் ஓலை அனுப்பின், அவன்மீது அதற்கு முன்னுரிமை உண்டு. அவன் வேறோர் அணி தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். ஆனால் பழைய அணி ஏழு நாட்களுக்குள் அதே தொகையைத் தானும் தந்து அவனை நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தாவிடின், தொகையின் அளவுக்கேற்பப் புதிய அணி தன் எதிர்காலத் தெரிவுகளை ஈடாகத் தரவேண்டும். 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயி அணி, எட்மண்டன் அணியின் பிராபர்க்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 45 லட்சத்து 80 ஆயிரமும், ஹாலோவேக்கு ஏறத்தாழ 22 லட்சத்து 90 ஆயிரமும் டாலர் தர முன்வந்தது. வரம்பு நெருக்கிய எட்மண்டன் இருவரையும் விட்டுக்கொடுத்தது. இவ்வாறு யாதொரு முடிவும் காணாதவன் டிசம்பர் 1-க்குள் கையெழுத்திடாவிடின் அப்பருவம் முழுவதும் ஆட இயலாது. 2018-இல் டொராண்டோவின் வில்லியம் நைலாண்டர் அக்கெடு முடியச் சில நிமிடங்களே இருக்கையில் கையெழுத்திட்டார். இருபத்தேழு வயதோ ஏழு பருவமோ நிரம்பியவன்தான் கட்டு முற்றும் நீங்கி, ஜூலை 1 முதல் யாரோடும் பேசலாம்.

இவற்றிடையே மத்தியஸ்தம் என்றொரு முறை உண்டு. இருபக்கத்தாரும் உடன்படாதவழி, நடுநிலையாளர் ஒருவர்முன் சென்று வழக்குரைப்பர். ஆட்டக்காரனுக்காக முகவர் அவன் சிறப்பைக் கூறுவார்; அணிக்காக மற்றொருவர் அவன் குறைகளை ஒன்றொன்றாய் எடுத்துரைப்பார். அவனோடு ஒத்த பிற ஆட்டக்காரரின் ஊதியங்களை இருவரும் எடுத்துக்காட்டுவர். தீர்ப்பு 48 மணி நேரத்திற்குள் வரும். நேற்றுவரை 'எம் செல்வனே' என்று தோளைத் தட்டியவர் இன்று, 'இவன் இன்னாரினும் தாழ்ந்தவன்' என்று கூறுவதை அவன் எதிரே இருந்து கேட்டல் வேண்டும். 2023-இல் பாஸ்டன் அணியின் கோல்காவலர் ஜெரமி ஸ்வேமன் இவ்வாறு ஓராண்டுக்கு 34 லட்சத்து 75 ஆயிரம் டாலர் பெற்றார். ஆனால் அவ்விசாரணையை மறுமுறை காண விரும்பேன் என்று பின்னர் வெளிப்படையாகவே கூறினார். மறு ஆண்டு, பயிற்சி முழுதும் வராமல் நின்று, பருவம் தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கையில், எட்டாண்டுக்கு 6 கோடியே 60 லட்சம் டாலருக்கு உடன்பட்டார்.

இதனைப் படித்தபொழுது, தமிழ் பயில்கின்ற எமக்குப் புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார் நினைவில் எழுந்தார். வறுமையில் உழன்ற அப்புலவர் அதியமான் நெடுமானஞ்சியிடம் சென்றார். அவன் அவரைக் காணாமலே பரிசிலை மட்டும் அனுப்பிவைத்தான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம்மைக் கண்டு, தம் தகுதியை அறிந்து, தினையளவே தரினும் அதுவே இனிதென்றும், காணாது தரும் பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்றும் மறுத்தார். புறத்துறைகளுள் பரிசில் கடாநிலை என்பதும் ஒன்று. தருவோன் காலந்தாழ்த்தவழி, தம் பரிசிலைப் புலவர் வாய்திறந்து கேட்கும் துறை அது. கேட்டல் இழிவாயின், நம் சான்றோர் அதனைப் பாடற்குரிய துறையாக்கியிருப்பரோ? பெருஞ்சித்திரனாரும் ஸ்வேமனும் வாழ்ந்த உலகங்கள் வேறு. இருவர் நெஞ்சும் வேண்டியது ஒன்றே. பொருள் வேண்டும், பொருளோடு தம்மைக் கண்டுணரும் கண்ணும் வேண்டும்.

கேட்பதற்கு ஓர் எல்லை உண்டென்பதையும் மறைத்தல் கூடாது. 2010-இல் நியூ ஜெர்சி அணி இலியா கோவல்சூக்கோடு பதினேழு ஆண்டுக்கு 10 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தது. கடைசி ஐந்தாண்டுகளில் அவருக்கு ஆண்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரமே. ஆடாத முதுமையாண்டுகளையும் கணக்கிற் சேர்த்து, ஆண்டுச் சராசரியைக் குறைத்து, உச்சவரம்பை ஏய்க்கும் சூழ்ச்சி அது என்று லீக் மறுத்தது. மத்தியஸ்தரும் அதனை ஒப்பினார். இருவர் மகிழ்ந்து உடன்பட்டதெல்லாம் நேர்மையாகிவிடாது. மூன்றாமவர்க்கு உரியதையும் நோக்குதல் வேண்டும். 2013 முதல் ஒப்பந்தத்தின் நீளம் சொந்த அணிக்கு எட்டாண்டு, பிற அணிக்கு ஏழாண்டு என வரையறை செய்யப்பெற்றது. 2025-இல் ஒப்புக்கொள்ளப்பெற்ற புதிய உடன்படிக்கை, 2026 செப்டம்பரிலிருந்து இவற்றை ஏழும் ஆறுமாகக் குறைக்கின்றது.

எம் உள்ளத்தில் ஆழப் பதிந்த நிகழ்ச்சி ஆடவர் ஆட்டத்தில் நிகழ்ந்ததன்று. 2017-ஆம் ஆண்டு அமெரிக்க மகளிர் அணியினர், தக்க ஊதியமும் வசதியும் தராவிடின் உலகப் போட்டியில் ஆடோம் என்று ஒருமித்து அறிவித்தனர். அப்போட்டி அவர் சொந்த நாட்டிலேயே மிச்சிகன் மாநிலத்தில் நிகழவிருந்தது. நாட்டு ஹாக்கி அமைப்பினர் மாற்று ஆட்டக்காரியரைத் தேடினர். கல்லூரி மாணவியரையும் கேட்டனர். நாட்டுக்காக ஆடும் பேறு தம் வாயிலில் வந்து நிற்கவும், பலர் 'வாரோம்' என்று மறுத்தனர். எம் வயதினர் அவருட் பலர்! போட்டிக்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 28-இல், உடன்பாடு ஏற்பட்டது; அவ்வணியே சென்று பொற்பதக்கத்தையும் வென்றது. பின்னர் 2023-இல், தொழில்முறை மகளிர் லீக் ஒன்று தொடங்கும் முன்னரே, குறைந்த ஊதியம் 35,000 டாலர் என்பது முதலிய உடன்படிக்கையை ஆட்டக்காரியர் முடித்துக்கொண்டனர். முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1-இல் நிகழ்ந்தது. ஆடவர் ஐம்பதாண்டு ஆடிப் பின் கற்ற பாடத்தை மகளிர் ஆடுமுன்னரே கற்றிருந்தனர்.

இவ்வரலாற்றை யாம் தமக்கையாரிடம் ஒரு ஞாயிறு பிற்பகலில் கூறினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சென்ற ஜூன் மாதத்தில், அப்பள்ளியின் ஆசிரியைகள் ஐவர் தம் ஊதியத்தை ஒருவர்க்கொருவர் கூறிக்கொண்டு, பணியாண்டும் பட்டமும் தொகையும் வரிசையாக எழுதி, ஒரே கடிதத்தில் ஐவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தனர் என்பதைப் பின்னர் அறிந்தோம். கடிதத்தில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. தமக்கையாருக்கு 1,500 ரூபாய் உயர்ந்தது, கேட்டதிற் பாதி. இருவர்க்கு ஒன்றும் உயரவில்லை. அவர்களுக்காக மறுகடிதம் எழுதப்படுகின்றது. வெற்றி என்று இதனை யாம் முழங்கமாட்டோம். ஆனால் தந்தையார் அக்கடிதத்தின் படியை வாங்கி, கண்ணாடி அணிந்து இருமுறை படித்து, 'எழுத்துப் பிழை இல்லை' என்று மட்டும் கூறித் திருப்பிக் கொடுத்தார். முப்பதாண்டு வாய்திறவாதவர் வாயினின்று அது பெரிய வாழ்த்து.

கேட்பவரெல்லாம் மிகுதியையே கேட்பர் என்பதும் உண்மையன்று. 2025 செப்டம்பரின் கடைசி நாளில் மினசோட்டா அணியின் கிரில் காப்ரிசோவ் எட்டாண்டுக்கு 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு உடன்பட்டார். ஒரு வாரம் கழியுமுன், அவ்வாட்டத்தின் முதல்வரென்று பலரும் கருதும் கானர் மக்டேவிட், எட்மண்டன் அணியோடு இரண்டாண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 1 கோடியே 25 லட்சம் டாலருக்கே உடன்பட்டார். அது 2017-இல் அவர் ஒப்பிய பழைய ஊதியமே. தாம் குறைத்துக்கொண்டது தோழரைச் சேர்க்க அணிக்கு இடந்தரும் என்பதை அவர் அறிவார். ஹோ குறைத்து வாங்கியதும் மக்டேவிட் குறைத்து வாங்கியதும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஒருவர் அறியாமற் குறைத்தார். மற்றவர் அனைத்தையும் அறிந்து குறைத்தார். முன்னது இழப்பு, பின்னது ஈகை. அறிவும் உரிமையும் இல்லாதவழி ஈகையும் இல்லை என்பதே யாம் கண்ட முடிபு.

நண்பர் ஒருவர், 'திருமறையில் திராட்சத் தோட்டத்து வேலையாட்கள் பேசிய கூலியோடு அமைதியுறுமாறு கூறப்படவில்லையா?' என்று எம்மைக் கேட்டார். அவ்வுவமையில் தலைவன் பேசிய கூலியை ஒருவர்க்கும் குறைக்கவில்லை. கடைசியில் வந்தவர்க்கும் முழுநாட் கூலியைக் கொடுத்தான். கொடுத்ததும் யாவரும் காணவே கொடுத்தான். மறைத்துக் குறைத்துக் கொடுப்போர்க்கு அவ்வுவமை துணைநில்லாது என்று மட்டும் விடை கூறினோம்.

வரும் ஆண்டில் எம் வகுப்பினர் பலர் வேலைக்கு விண்ணப்பம் எழுதுவர். தமிழ் கற்றவர்க்கு எங்கே மதிப்பு என்று இப்பொழுதே பெருமூச்செறிவாருண்டு. அவர்க்கு யாம் கூறுவது சிறிதே: முன்னரே அவ்விடத்திற் பணியாற்றுவோரைக் கண்டு, அவர் பெறுவதைக் கேளுங்கள், நீங்கள் பெற்றபின் உங்கட்குப் பின்வருவோர் கேட்பின் மறையாது கூறுங்கள். பாப் பான் கோர்டி ஹோவுக்குச் செய்தது அவ்வளவே. அதற்குச் செலவொன்றும் இல்லை. 'எதிர்பார்க்கும் ஊதியம்' என்ற இடத்தில் 'தங்கள் விருப்பப்படி' என்று மட்டும் எழுதற்க. ஓர் எண்ணை எழுதுங்கள். அதனை ஏன் எழுதினீர்கள் என்று வினவின், தலைநிமிர்ந்து காரணம் கூறுங்கள்.